கால்வாய்க் கரையில் டபுள்ஸ்

என் அக்காவின் புருஷன் வால்டரை அடிக்க வேண்டும் என்றுதான் நான் முதன்முதலாகப் பக்கிங்காம் கால்வாய்க் கரையில் சைக்கிள் ஓட்டினேன். 1971-ஆம் வருஷம், ஜனவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. காலைப் பூசை முடிந்து பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. அன்றைக்குச் சமாதானத்தைப் பற்றித்தான் பிரசங்கம். ஆனால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது ராயபுரத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். பிரசங்கமெல்லாம் அதற்கு உறைக்காது.

வால்டர் மாமாவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். நல்ல உயரம், அதைவிட நல்ல பொறுமை. கீழே நிற்கிறவன் கை காட்டாமல் கொக்கியை ஒரு சாண்கூட இறக்க மாட்டார். மேஸ்திரி கத்துவார், கப்பல்காரன் கத்துவான், இவர் மேலே உட்கார்ந்தபடி அந்த ஒரு கையை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பார். அதனால் ஹார்பரில் அவருக்குச் சிக்னல் வால்டர் என்றே பெயர். இருபது வருஷத்தில் அவருடைய கிரேனுக்குக் கீழே ஒருத்தனுக்கும் ஒரு கீறல் விழுந்ததில்லை.

அவருக்கும் என் அக்கா வியாகுலம்மாளுக்கும் ஒரே பெண், செசிலி. அப்பாவின் சைக்கிள் கேரியர்தான் அவளுக்கு ஊஞ்சல், ரயில், கப்பல் எல்லாம். பையன்களைப் போல இரண்டு பக்கமும் காலைத் தொங்கவிட்டு உட்காருவாள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் அப்பாவும் பெண்ணும் எண்ணூர் வரைக்கும் போய்க் கழிமுகத்தில் ஆறு கடலில் விழுவதைப் பார்த்துவிட்டு வருவார்கள். அதில் என்ன இருக்கிறது பார்க்க என்று நான் கேட்டால், தண்ணீர் இருக்கிறது என்பாள்.

இப்போது இருக்கிறவர்களுக்கு ஒன்றை விளக்க வேண்டும். அன்றைய மெட்ராசில் சைக்கிளில் டபுள்ஸ் போவது குற்றம். போலீஸ்காரர் பிடித்தால் ஸ்டேஷனுக்கு நடக்க வேண்டும். அதற்காக டபுள்ஸ் போகாதவன் யாரும் இல்லை. தூரத்தில் காக்கி டிரவுசர் தெரிந்ததும் ஓட்டுகிறவன் "குதி" என்பான். பின்னால் இருக்கிறவன் குதித்து, சைக்கிளுக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லாதவன் போலக் கையை வீசி நடப்பான். போலீஸ்காரரைத் தாண்டியதும் மறுபடி ஏறிக்கொள்வான். இது போலீஸ்காரருக்கும் தெரியும், அவரும் வீட்டிலிருந்து வருகிறபோது இப்படித்தான் வந்திருப்பார்.

செசிலி குதிப்பதே ஓர் அழகு. மாமா "குதி" என்றதும் இரண்டு காலையும் தரையில் ஊன்றுவாள். சைக்கிள் அவளுக்கு அடியிலிருந்து நழுவி முன்னால் போய்விடும், அவள் நின்ற இடத்தில் நிற்பாள். "எறங்கிட்டேன்பா" என்று குரல் கொடுப்பாள். அந்தக் குரல் கேட்ட பிறகுதான் மாமா பெடலை அழுத்துவார். ஹார்பரில் ஒரு கை காட்டுவது போல அவருக்கு இது ஒரு சிக்னல்.

1965 ஏப்ரலில், எண்ணூர் போகிற ரோட்டில், ஒரு லாரி மோதி செசிலி இறந்துபோனாள். பதிமூன்று வயது. "லாரி மோதிருச்சு" என்று மாமா சொன்னார். போலீசிடமும் அதையே சொன்னார், பங்குச் சாமியாரிடமும் அதையே சொன்னார். யாருக்கும் அதற்கு மேல் கேட்க வாய் வரவில்லை.

எங்கள் பக்கத்தில் பெண்கள் புருஷனைப் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார்கள். பிள்ளையின் பெயரோடு சேர்த்துத்தான் கூப்பிடுவார்கள். அக்கா மாமாவைச் செசிலிப்பா என்றுதான் கூப்பிடுவாள். குழந்தை போன பிறகு அந்தப் பெயரைச் சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. வேறு பெயரும் கிடையாது. ஆறு வருஷமாக என் அக்கா தன் புருஷனை எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. தட்டை வைத்துவிட்டு ஒதுங்கி நிற்பாள், அதுதான் சாப்பிட வா என்பது. கோயிலைத் தவிர வேறெங்கும் போகமாட்டாள். அந்த வீட்டுக்குள் போனாலே எனக்கு மூச்சு முட்டும்.

மாமா ஹார்பருக்கு நடந்தே போக ஆரம்பித்தார். சைக்கிளை விற்றுவிடுவார் என்று எல்லோரும் நினைத்தோம். விற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அதைத் தள்ளிக்கொண்டே கொருக்குப்பேட்டை வரை போவார். அங்கே கால்வாய்க் கரையில் இறங்கி, அதற்குப் பிறகுதான் ஏறி ஓட்டுவார். ரோட்டில் சக்கரத்தை வைக்கமாட்டார். மதியம் தாண்டித்தான் திரும்புவார். எங்கே போகிறார் என்று யாரும் கேட்கவில்லை, துக்கப்பட்டவர் எங்கேயாவது போய் வரட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

வாடகை சைக்கிள் கடை மதார் சாகிப் ஒருநாள் என்னைக் கூப்பிட்டார். தங்கமான மனுஷர், மனசில் ஒன்றும் இல்லாமல்தான் கேட்டார். வால்டர் வந்து கேரியருக்குப் பஞ்சு வைத்து ரெக்சின் தைத்த குஷன் ஒன்று போட்டுக்கொண்டு போனாராம், நல்லா மெத்துமெத்தென்று இருக்க வேண்டும் என்று சொன்னாராம். வியாகுலம் வெளியே வர ஆரம்பித்துவிட்டதா என்று கேட்டார்.

என் அக்கா வெளியே வரவில்லை. அப்படியானால் அந்த மெத்துமெத்து யாருக்கு? எனக்குக் காதிலிருந்து புகை வந்தது. நேரே அக்காவிடம் போய், உன் புருஷன் எவளையோ பின்னால் வைத்துக்கொண்டு சுற்றுகிறார் என்று சொன்னேன். யோசித்துச் சொல்கிற வழக்கம் எனக்குக் கிடையாது. அவள் மீனை ஆய்ந்துகொண்டிருந்தாள். கையை நிறுத்தாமல், "சுத்தட்டும்" என்றாள். அந்த ஒரு சொல்லில் இருந்த களைப்பு எனக்கு அப்போது விளங்கவில்லை, கோபம்தான் இன்னும் ஏறியது.

அப்படித்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை மதார் சாகிப்பிடமே ஒரு சைக்கிளை வாடகைக்கு எடுத்துக்கொண்டு மாமாவின் பின்னால் போனேன். நான் ரயில்வே பார்சல் ஆபீசில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவன். தண்டையார்ப்பேட்டை தாண்டுவதற்குள் தொடை கெஞ்சியது. கரை என்றால் ரோடு இல்லை. உப்பும் விறகும் ஏற்றிய படகுகளைக் கயிறு கட்டி இழுக்கிறவர்கள் நடந்து நடந்து தேய்த்த தடம், அவ்வளவுதான். லாரி வராது, பஸ் வராது. ஊர் சாக்கடையெல்லாம் கால்வாயில் விழுகிற இடம் வரை மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அதைத் தாண்டினால் தண்ணீர் தெளிகிறது. வலது கைப்பக்கம் திருவொற்றியூர் கோபுரம் சின்னதாகத் தெரியும். இடது கைப்பக்கம் மணலியில் புதிதாக வந்த ஆலையின் புகைபோக்கியில் பகலிலும் நெருப்பு எரியும். அப்புறம் உப்பளம். உப்பளம் முடிந்ததும் சவுக்குத் தோப்பு தொடங்குகிறது.

தோப்புக்குள் சக்கரத்தின் சத்தமே நின்றுபோனது. தடமெல்லாம் சவுக்கு இலை உதிர்ந்து மெத்தை போட்டிருந்தது. மேலே காற்று, பக்கத்தில் தண்ணீர், தூரத்தில் கழிமுகத்துச் சேற்றில் வேரை வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிற கண்டல் மரங்கள். இத்தனை வருஷம் ராயபுரத்தில் இருந்தும் இப்படி ஓர் இடம் ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது, எதற்காக வந்தேன் என்பதைக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டேன்.

மாமா முன்னால் போய்க்கொண்டிருந்தார். கேரியரில் குஷன் மட்டும்தான் இருந்தது. ஒரு வளைவில் நின்றார். இரண்டு காலையும் தரையில் ஊன்றி, பிரேக்கைப் பிடித்து, அப்படியே அசையாமல் நின்றார். முதலில் வலது பக்கம் திரும்பிப் பார்த்தார், பிறகு இடது பக்கம். கொஞ்ச நேரம் காத்திருந்தார். மறுபடி ஏறி ஓட்டினார். ஒரு பர்லாங்கு போனதும் மறுபடி அதே மாதிரி நின்றார், அதே மாதிரி திரும்பினார், காத்திருந்தார். மூன்றாவது தடவை திரும்பியபோது என்னைப் பார்த்துவிட்டார்.

"இன்னாத்துக்குடா பின்னால வந்துகினு கீற?" என்றார்.

நான் சைக்கிளைப் போட்டுவிட்டுக் கிட்டே போனேன். அடிக்கத்தான் போனேன். குஷனைக் காட்டி, இது யாருக்கு என்று கேட்டேன்.

"செசிலிக்கு," என்றார்.

பிறகு சவுக்கு மரத்தடியில் உட்கார்ந்து சொன்னார். ஆறு வருஷம் யாரிடமும் சொல்லாததை, அடிக்க வந்தவனிடம் சொன்னார். அன்றைக்கு எண்ணூர் ரோட்டில் முன்னால் ஒரு போலீஸ்காரர் நின்றிருந்தாராம். மாமா சைக்கிளை நிறுத்தவில்லை. எப்போதும் போல ஓட்டிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல், குதி என்றாராம். குரலுக்காகக் காத்திருந்தாராம்.

"எறங்கிட்டேன்பான்னு சொல்லுவா இல்ல? வரல. லாரி பிரேக்கு சத்தம்தான் வந்துச்சு. எப்பவும் பின்னாலதான்டா எறங்குவா. அன்னிக்கி இன்னாத்துக்கு ரோட்டுப் பக்கமா குதிச்சான்னு இன்னி வரைக்கும் தெரில. லாரிக்காரன் மேல ஒண்ணியும் இல்ல. நான்தான் சொன்னேன். வண்டிய நிறுத்தி, காலை ஊனி, திரும்பிப் பாத்து சொல்லியிருக்கணும். அத்தத்தான் இங்க வந்து பழகினு கீறேன்."

ஹார்பரில் முன்பின் தெரியாதவனுக்காகக் கொக்கியை நிறுத்தி வைக்கிற மனுஷன், தன் பெண்ணுக்கு ஒரு நொடி சைக்கிளை நிறுத்தவில்லை. அதைத் திருத்த ஆறு வருஷமாக, ஆள் இல்லாத கரையில், ஆள் இல்லாத கேரியரோடு நின்று நின்று போகிறார். இந்தத் தடம் அன்றைக்கும் இருந்தது, ரோட்டில் போனால் அரை மணி மிச்சம் என்று ரோட்டில் போனேன் என்றும் சொன்னார். அவருடைய தோளில் கை வைத்தேன், அடிக்கக் கொண்டுபோன அதே கையைத்தான்.

அக்காவுக்குத் தெரியுமா என்று கேட்டேன். தெரியாது என்றார். சொன்னால் அப்புறம் அந்த வீட்டில் அவள் இருக்கமாட்டாள், இப்போது தட்டாவது வைக்கிறாள் என்றார். நான் சொல்லிவிடக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

சத்தியத்தைக் காப்பாற்றினேன். ஆனால் பொய் சொல்லும்போது என் காது சிவக்கும், அது சின்ன வயசிலிருந்து அக்காவுக்குத் தெரியும். அன்று மாலை, "யாரு அவ?" என்று கேட்டாள். யாரும் இல்லை, சும்மா காற்று வாங்கத்தான் போகிறார் என்று சொன்னேன். என் காதையே பார்த்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தால், அக்கா மாமாவின் சைக்கிள் பக்கத்தில் நின்றிருந்தாள். அவரைப் பார்க்காமல் என்னிடம், "நானும் வரேன்னு சொல்லு. நீயும் கூட வா" என்றாள். அந்த இன்னொருத்தியைக் கண்ணால் பார்த்துவிடுவது என்று கிளம்பியிருந்தாள். மாமாவின் முகம் வெளுத்துவிட்டது. வேண்டாம் என்று சொல்ல அவருக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. நான் மதார் சாகிப் கடைக்கு ஓடினேன்.

கொருக்குப்பேட்டை வரை மூன்று பேரும் நடந்தோம், நானும் மாமாவும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு. கரையில் இறங்கியதும் அக்கா குஷனை விரலால் அழுத்திப் பார்த்தாள். பிறகு இடது பக்கமாக இரண்டு காலையும் போட்டு உட்கார்ந்தாள். கேரியர் கம்பியைப் பிடித்துக்கொண்டாள், மாமாவைத் தொடவில்லை. மாமா அவ்வளவு மெதுவாக ஓட்டி நான் பார்த்ததில்லை. நான் பின்னாலேயே போனேன். உப்பளம் வரை அவளுடைய முதுகு விறைப்பாகவே இருந்தது. சவுக்கு நிழலுக்குள் நுழைந்ததும் மட்டும் தலையைத் தூக்கி மேலே பார்த்தாள். ஆறு வருஷத்தில் அவள் வீட்டுக் கூரையையும் கோயில் கூரையையும்தான் பார்த்திருந்தாள்.

அந்த வளைவில் மாமா நின்றார். இரண்டு காலையும் ஊன்றினார். வழக்கம்போல வலது பக்கம் திரும்பினார், இடது பக்கம் திரும்பினார். இந்தத் தடவை அங்கே ஒரு முகம் இருந்தது.

"இங்கதான் அவ வூடா?" என்றாள் அக்கா.

மாமா மறுபடி முன்னால் திரும்பி ஹாண்டில்பாரைப் பிடித்துக்கொண்டார். அவர் சொல்லிவிடப் போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தள்ளிப் போய் நின்றேன். என்றாலும் தோப்பில் வேறு சத்தம் இல்லை, எல்லாம் காதில் விழுந்தது. போலீஸ்காரர் நின்றதைச் சொன்னார். நிறுத்தாததைச் சொன்னார். குதி என்றதைச் சொன்னார். சொல்லி முடிக்கும்வரை ஹாண்டில்பாரையே பார்த்துக்கொண்டிருந்தார். முடித்த பிறகு, நீ என்னை விட்டுப் போவதென்றால் தாமஸ் வீட்டுக்குப் போ, அவன் பார்த்துக்கொள்வான் என்று என் பெயரையும் சொன்னார்.

அக்கா கேரியரிலிருந்து இறங்கினாள். கால்வாய்ப் பக்கம் போய் நின்றாள். ஓர் உப்புப் படகு எங்களைத் தாண்டிப் போகிறவரை அப்படியே நின்றாள். இழுத்துப் போனவர்கள் எங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

"அவ எப்டி உக்காந்துகினு இருந்தா?" என்று கேட்டாள்.

தெரியாது என்றார் மாமா. வீட்டு வாசலில் முதலில் அவர் ஏறினார், பின்னால் அவள் ஏறினாள், அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"நான் பாத்தேன்," என்றாள் அக்கா.

அதற்குப் பிறகு அவள் சொன்னதை நான் என் வாழ்நாளில் மறக்கமாட்டேன். செசிலி பெரியவளாகி அப்போது மூன்று மாசம். தெருவில் இரண்டு பெண்பிள்ளைகள் சாடையாகப் பேசியிருக்கிறார்கள், வியாகுலத்தின் பெண் இன்னும் ஆம்பளைப் பையன் மாதிரி காலைப் பரப்பிக்கொண்டு போகிறாள் என்று. அன்றைக்குக் காலையில் அக்கா அவளைக் கையைப் பிடித்து நிறுத்தி, இனிமேல் பொம்பளை மாதிரி ஒரு பக்கமாகக் கால் போட்டு உட்கார் என்று சொல்லியிருக்கிறாள். குழந்தை முகத்தைத் தூக்கிக்கொண்டது. சமாதானப்படுத்துவதற்காக, கடல் தெரிகிற பக்கமாகத் திரும்பி உட்கார்ந்துகொள் என்றும் சொல்லியிருக்கிறாள். எண்ணூர் போகும்போது கடல் வலது கைப்பக்கம். பின்னால் வருகிற லாரி தாண்டிப் போவதும் அந்தப் பக்கம்தான்.

ஒரு பக்கமாக உட்கார்ந்தவளுக்குப் பின்னால் நழுவி இறங்க வழியில்லை. கால் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான் குதிக்க முடியும்.

"புடிமானம் இல்லாம விழுந்துட்டான்னுதான் நான் நெனச்சுகினு இருந்தேன்," என்றாள் அக்கா. "நான்தான் கொன்னேன்னு இருந்தேன். உன் மூஞ்சியப் பாத்து எப்டி பேசுவேன்? நீ குதின்ன. நான் ஒரு பக்கமா உக்காருன்னேன்."

மாமா சைக்கிளைச் சவுக்கு மரத்தில் சாத்திவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். அக்காவும் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். செசிலி செத்த அன்றைக்குக்கூட அவர்கள் சேர்ந்து அழுது நான் பார்க்கவில்லை, ஆளுக்கொரு மூலையில்தான் அழுதார்கள். நானும் அழுதேன். ஒரே கூரைக்குக் கீழே ஆளுக்குப் பாதியை வைத்துக்கொண்டு, அந்தப் பாதியே முழுசு என்று இரண்டு பேரும் ஆறு வருஷம் வெந்திருக்கிறார்கள். கேட்டிருந்தால் ஒரு வார்த்தையில் தெரிந்திருக்கும். அடுத்த வீட்டுச் சண்டைக்கெல்லாம் முதல் ஆளாகப் போய் நிற்கிற நான், இதை ஒரு நாள் கேட்டதுண்டா?

வெயில் ஏறியது. அக்கா எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். சைக்கிளை எடுத்து நிறுத்தச் சொல்வது போல மாமாவைப் பார்த்தாள். அவர் ஏறி, இரண்டு காலையும் ஊன்றி நின்றார். அக்கா கரையின் முன்னும் பின்னும் பார்த்தாள். ஒரு ஜனம் இல்லை. புடவையைக் கணுக்காலுக்கு மேல் வழித்துச் சொருகிக்கொண்டு, காலைத் தூக்கி அந்தப் பக்கம் போட்டு, பையன்களைப் போல இரண்டு பக்கமும் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தாள். நாற்பத்திரண்டு வயசுக்காரி. நான் திரும்பிக்கொள்ள வேண்டும் என்று நினைத்தேன், திரும்பிக்கொள்ளவில்லை. அவள் மாமாவின் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டாள்.

கழிமுகம் வரை போனோம். ஆறு கடலில் விழுவதைக் கண்டல் மரத்து நிழலில் உட்கார்ந்து பார்த்தோம். செசிலி சொன்னது சரிதான், தண்ணீர் இருந்தது. பிறகு அதே கரையில் திரும்பினோம். மாமா வழியில் எங்கும் நிற்கவில்லை.

கொருக்குப்பேட்டையில் கரை ரோட்டில் ஏறுகிற இடத்துக்கு வரும்போது, மேலே ஒரு போலீஸ்காரர் நின்றிருந்தார். மாமா குதி என்று சொல்லவில்லை. போலீஸ்காரருக்கு இருபதடி தள்ளியே பிரேக்கைப் பிடித்தார். இரண்டு காலையும் தரையில் ஊன்றினார். வலது பக்கம் திரும்பிப் பார்த்தார், இடது பக்கம் திரும்பிப் பார்த்தார், அப்படியே நின்றார். ரோட்டில் ஒரு லாரி போனது. அது போய் மறைகிறவரை நின்றார்.

அக்கா இரண்டு காலையும் ஒன்றாகத் தரையில் வைத்துப் பின்பக்கமாக இறங்கினாள். புடவையைச் சரியாக இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"எறங்கிட்டேன், செசிலிப்பா," என்றாள்.